குழாய்க்குள் ஒருவர்

திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய பழைய மச்சு வீட்டில் இருந்தது அந்த விதைப்பண்ணையின் அலுவலகம். எழில்மொழி வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலிருந்தே மழை இருட்டு. உள்ளே சேற்று வாடை. தரை என்னவோ காய்ந்துதான் கிடந்தது.

மேனேஜர் குழந்தைராஜ் அவளை உட்காரச் சொல்லவில்லை. பிறரை நிற்க வைத்தால் தன் உயரம் கூடும் என்று நம்புகிற மனிதர்.

அலுவலகம், கிடங்கு, மோட்டார் கொட்டகை மூன்றின் கணினிகளுக்கும் பொதுவாக ஒரே பைல். எந்தப் பெரிய பாசனக் குழாயில் ஆள் இறங்கித் தூர் வாருகிறார் என்பது அதில்தான் இருக்கும். 'காலி' என்றிருந்தால் கொட்டகையில் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள்.

"பைலு அடிக்கடி கெட்டுப்போவுது. முன்ன இருந்த பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. அந்தக் கம்ப்யூட்டர்ல நீயாவது பாரு."

பார்த்தாள். ஒருவர் எழுதும்போது மற்றவர் கை வைக்காமலிருக்கப் போடும் பூட்டை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். என் பைலத் தொறக்க நான் காத்துக் கெடக்கணுமா?"

காலையில் திறக்கும் பைலை அவர் மாலை வரை மூடுவதில்லை. நடுவில் யார் என்ன எழுதினாலும், அவர் சேமித்ததும் எல்லாம் அழிந்து காலை இருந்தபடி ஆகிவிடும். போன குறுவையில் 'ஆள் உள்ளே' என்ற வரி அப்படித்தான் 'காலி' ஆனது. மோட்டார் ஓடியது. குழாய்க்குள் இருந்தவர் இராஜாங்கம்.

"குடிச்சிட்டு எறங்குனான்," என்றார் குழந்தைராஜ், பல்லைக் குத்திக்கொண்டே.

இராஜாங்கம் டீயைத் தவிர எதையும் குடித்ததில்லை என்று வாசலில் பார்த்த யூனுஸ் சொல்லியிருந்தான். இன்று அதே குழாயில் இறங்கியிருப்பவன் அவன்தான்.

அவள் பூட்டைப் போட்டாள். 'ஆள் உள்ளே: ஒருவர்' என்று எழுதிச் சேமித்து, பைலை மூடினாள்.

"சார், உங்க பைல மூடிட்டுத் திறங்க. யூனுஸ் உள்ள இருக்கான்."

"இருந்தா இருக்கட்டும்." காலையில் திறந்த பைலையே சேமிக்கப் போனார்.

திரையில் எழுத்து வந்தது.

இந்தப் பைல் இராஜாங்கத்தின் கையில் உள்ளது. படிக்க மட்டுமே முடியும்.

"என்னம்மா, வந்த அன்னிக்கே விளையாட்டா?"

அவள் பயனர் பட்டியலைப் பார்த்தாள். அப்படி ஒரு பெயரே இல்லை.

அவர் உட்கார்ந்தபடியே அவளைத் தள்ளிவிட்டுப் பூட்டை எடுத்தார். மறுபடி சேமித்தார்.

இராஜாங்கத்தின் கையில் உள்ளது.

மறுபடியும்.

சேற்று வாடை முற்றியது. விசைப்பலகையின் இடுக்குகளிலிருந்து வண்டல் மெல்லப் பிதுங்கியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனிகளில் களிமண்.

கொட்டகைப் பக்கம் மோட்டார் சத்தம் இல்லை.

கழுத்து வரை சேறோடு யூனுஸ் வந்து நின்றான்.

"முடிஞ்சுதுக்கா. எனக்குப் பின்னாடியே ஒருத்தர் சேத்தத் தள்ளித் தள்ளி விட்டாரு. இருட்டுல மூஞ்சி தெரியல. அவரு வெளிய வந்துட்டாரா?"

எழில்மொழி பைலைத் திறந்தாள்.

ஆள் உள்ளே: இருவர்.

அன்று முதன்முறையாகக் குழந்தைராஜ் எழுந்து நின்றார்.

"ரெண்டாவது ஆளு யாரும்மா?" என்றார், குரல் வெறும் காற்றாக.

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

அவள் 'இருவர்' என்பதை அழித்து 'ஒருவர்' என்று எழுதினாள். பைல் ஏற்றுக்கொண்டது.

பிறகு அதையும் அழித்து 'காலி' என்று அடித்தாள்.

இந்தப் பைல் இராஜாங்கத்தின் கையில் உள்ளது.