ஒப்பம்: அரியநாச்சி

ஷேர் ஆட்டோவில் அரியநாச்சி ஏறி உட்காரும்போதே ஓட்டுநர் முன்வண்டிக்காரனைப் பார்த்துக் கத்தினான்.

"ஏண்டா, ஒதுங்கிப் போக மாட்டியா? நாச்சி! சரியான அரியநாச்சி!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். ஒரு மாதமாக இதே கூத்துதான். காய்கறிக் கடையில், லிஃப்டில், பள்ளிக்கூட வாசலில், எங்கே போனாலும் அவள் பெயர்தான் ஏச்சு.

யாரைக் குறை சொல்ல? ஒன்பது வருடத்துக்கு முன்னால் மதுரையில் எல்லார் கழுத்திலும் மிடற்றுப்பட்டை ஏறியது. மெல்லிசான பட்டை. கழற்ற முடியாது. தடை செய்த சொல் தொண்டையில் கிளம்பும்போதே குரலைப் பிடித்துக்கொள்ளும். வாய் அசையும், சத்தம் வராது. உடனே பேசியவர் காதுக்குள் மட்டும் ஓர் இயந்திரக் குரல் சொல்லும்: "நீக்கப்பட்ட சொல். ஒப்பம்: அரியநாச்சி, சொல் அலுவலர்."

உத்தரவு என்று இருந்தால் அடியில் ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டுமாம்! அந்தப் பாழாய்ப்போன அலுவலக வழக்கத்தைக் காதுக்குள்ளும் கொண்டுபோய் வைத்தார்கள். திட்ட வாயெடுத்தவன் எல்லாம் தினமும் கேட்டது அவள் பெயரைத்தான். கெட்ட வார்த்தை காலி செய்த இடத்தில் அது குடியேறிவிட்டது.

சொல் தூய்மைத் துறையில் அவளுடைய உதவியாளர் ஜெபராஜ் திரையைத் திருப்பிவைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வந்திருச்சு மேடம்."

பட்டைக்குள் கோபத்தை அளக்கிற சினமானி ஒன்று உண்டு. ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேர் கோபத்தோடு ஒரு சொல்லைச் சொன்னால், அது தானாகத் தடைப் பட்டியலுக்கு வந்துவிடும். திரையில் இரண்டு சொற்கள் இருந்தன: நாச்சி, அரியநாச்சி.

"இது என் பேரு, ஜெபராஜ்."

"தெரியும் மேடம்."

"ஊர்ல வேற நாச்சிங்களும் இருக்காங்கள்ல?"

"புதுப் பேரு வச்சுக்கலாம். மனு குடுத்தா நாமளே மாத்திக் குடுத்துருவோம்."

பெயர் போனால் தொலையட்டும் என்றுகூட இருந்துவிடுவாள். வீட்டில் சோலையப்பன் இருக்கிறாரே! பஸ் ஓட்டியவர், அவள் கணவர். போன வருடம் பக்கவாதம் வந்து பேச்சு மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனது. மிச்சம் ஒரே சொல்தான், நாச்சி. தண்ணீர் வேண்டுமென்றாலும் நாச்சி, முதுகு வலித்தாலும் நாச்சி, பயந்தாலும் நாச்சி. இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெட்டிச் சொன்னால் வலி என்று அவளுக்குப் பழகியிருந்தது. அதையும் பூட்டிவிட்டால் அந்த மனுஷன் என்ன செய்வார்?

"அவருக்கு மட்டும் விலக்கு வாங்க முடியாதா? சீக்காளிப்பா."

ஜெபராஜ் தலையைச் சொறிந்தான். பிறகு பழைய கோப்பு ஒன்றைத் திறந்து அவள் முன்னால் வைத்தான்.

மூங்கணர் என்கிற மலைச் சனத்தின் பெயரை ஊரே ஏச்சாக வைத்திருந்த காலம் உண்டு. அந்தப் பெயரைத் தடை செய்தபோது அவர்களில் ஓர் ஆசிரியை எழுதிய மனு அது. "எங்கள் பெயர் எங்களுக்கு ஏச்சு இல்லை. பெயரைப் பிடுங்கிக்கொண்டு, ஏசுகிற வாயை அப்படியே விட்டுவிட்டீர்களே. தாங்கள் யார் என்று எங்கள் பிள்ளைகள் இனி எப்படிச் சொல்வார்கள்?"

கீழே அரியநாச்சியின் கையெழுத்து: "தன் பெயர் என்பது விலக்குக்குக் காரணம் ஆகாது. யாருக்கும் விலக்கு இல்லை."

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாக எழுதியது. நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த ஆசிரியையை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லக்கூட இல்லை. இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

"நான் போடமாட்டேன். நீ ஒப்பம் போடு."

"ஐயோ, ஆளை விடுங்க மேடம்! அடுத்த வருஷம் சந்து சந்தா என் பேரைச் சொல்லித் திட்டுவாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்கேன்."

"யாருமே போடலைன்னா?"

"சாயங்காலம் நாலு மணிக்கு இயந்திரமே போட்டுக்கும். உங்க பேருலதான்."

அவள் சிரித்தாள். சிரிக்கவும் தெம்பில்லை. நாலு மணிவரை அந்த மனுவையே திரும்பத் திரும்பப் படித்தாள். திரை பச்சையாயிற்று, ஒப்பம் விழுந்துவிட்டது. இனி அவள் பெயரை இந்த ஊரில் சொல்ல அந்த இயந்திரத்துக்கு மட்டும்தான் உரிமை.

வீட்டுப் படியேறும்போது மேல்மாடியில் சண்டை. "போடி ஜன்னலு!" என்று யாரோ கத்தினார்கள். அதற்குள் புதிதாக ஓர் ஏச்சைப் பிடித்துவிட்டார்கள்.

சோலையப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, மூச்சு மட்டும் வந்தது.

"என்னங்க? தண்ணியா? முதுகு வலிக்குதா?"

அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். சத்தமில்லை. இழுத்தாரா, வெட்டினாரா, ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது. அவர் காதுக்குள் இயந்திரம் தெளிவாக அவள் பெயரைச் சொல்லியிருந்தது.

தானே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு, கேட்டதை அவள் கொண்டுவரட்டும் என்று அவர் காத்திருந்தார்.