பத்து வருடங்களில் எத்தனை?

மரிஸேல் கதவைத் தட்டியபோது மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். கையிலிருந்த டேப்லெட் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக...

மனிஸாலெஸ் நகரின் மலைச்சரிவில், பேட்டிக்கெனக் குலுக்கல் முறையில் தேர்வான வீடு அது. திறந்தவன் ரூபியேல். ஜீப் இருக்கைகளுக்கு உறை தைப்பவன். மூன்று வருடம் முன்பு நடந்த மண்சரிவில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்திருந்தான். ஊன்றுகோலில் சாய்ந்தபடி அவளைப் பார்த்தான். ஈர இமைகளுக்குள் இத்தனை கறுப்பாய் இரு கண்கள்... பார்வையை அவன்தான் முதலில் விலக்கிக்கொண்டான்.

"உள்ள வாங்க டாக்டரம்மா. அங்கேயே நின்னா சேறு உங்களை அடிவாரத்துல கொண்டுபோய் விட்டுடும்."

தான் டாக்டர் இல்லை, பல்கலைக்கழகத்துக்காகப் பேட்டி எடுப்பவள் என்றாள். இந்த ஊரில் கையில் படிவம் வைத்திருக்கிற எல்லாரும் டாக்டர்தான் என்று சொல்லி, சூடாக வெல்லத் தண்ணீர் கொடுத்தான்.

எந்த நோய் வாழ்க்கையை எவ்வளவு குறைக்கிறது என்று மக்களிடமே கேட்டு எண்ணாக்குவது அவள் வேலை. எந்தச் சிகிச்சைக்கு அரசு செலவழிக்கலாம் என்று முடிவு செய்பவர்கள் அந்த எண்களைப் பார்ப்பார்கள். ஒரு நிலையைப் படித்தாள்: நடப்பது கடினம், ஓரளவு வலி, கொஞ்சம் மனச்சோர்வு. இப்படியே பத்து வருடம் வாழலாம். அல்லது முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைவாக. அந்த ஆரோக்கியத்துக்காகப் பத்தில் எத்தனை வருடங்களை விட்டுத்தருவீர்கள்?

"ஒரு நாள்கூட தர மாட்டேன்."

இன்னும் மோசமான நிலைகளைப் படித்தாள். எல்லாவற்றுக்கும் அதே பதில். புரியவில்லை போலும் என்று, குழந்தைக்குச் சொல்வது போல மெல்ல மறுபடி விளக்கினாள். அவன் முகம் இறுகியது.

"கால்தான் போச்சு. மூளை இருக்கு. முடிஞ்சுதுன்னா கிளம்புங்க."

அத்தனை மழையிலும் படியிறங்கும்போது அவளுக்கு முகம் எரிந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் என்றால் கேள்வியே புரியவில்லை என்று அர்த்தம், அந்தப் பேட்டியை நீக்கிவிடு என்றாள் மேற்பார்வையாளர் நொஎமி. மரிஸேல் ஒரு மணி நேரம் வாதாடினாள். அவருக்கு நன்றாகப் புரிந்தது, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனபோது அதையும் சொன்னாள். அவன் தையல் மெஷினை நிறுத்தினான்.

"அந்தப் பேட்டியை அடிச்சிடுங்க. நான் சொன்னது பொய்."

"எது?"

"எல்லாமே. இந்த வலி போகும்னா மூணு வருஷம் தந்திருப்பேன். சில நாள் அஞ்சுகூட..." தலை குனிந்தான். "அப்படி நனைஞ்சு வந்து நின்னீங்க. அந்தக் கண்ணுக்கு நான் பாவமா தெரியக் கூடாதுன்னு தோணிச்சு."

கோபம் வந்தது. இந்தப் பொய்க்காகவா நான் சண்டை போட்டேன்! ஆனால் கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று சிலிர்த்தது... அதை அவனுக்குக் காட்டாமல் இறங்கிப் போனாள்.

திங்களன்று நொஎமியிடம் உண்மையைச் சொல்லி, தன் கையாலேயே அந்தப் பேட்டியை நீக்கினாள். தவறான பேட்டிக்குக் கையெழுத்துப் போட்டதற்காக, மாதக் கடைசியோடு உன் வேலை முடிந்தது என்றாள் நொஎமி. சாயங்காலமே மரிஸேல் மறுபடி மலையேறினாள். விஷயம் கேட்டு ரூபியேல் பதறிப்போனான். மறுபடி கேளுங்கள், இந்த முறை உள்ளதைச் சொல்கிறேன் என்று கெஞ்சினான்.

"முடியாது. முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டதான் கேக்கணும். அதான் விதி."

"அப்ப நான் தெரிஞ்சவனா?"

பாதி உறை தைத்த நீளமான ஜீப் இருக்கையில் அவள் உட்கார்ந்தாள்.

"வெறும் தெரிஞ்சவர்னு சொன்னா அதுவும் பொய் ஆயிடும், ரூபியேல். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் கை ஊன்றுகோலை இறுகப் பற்றியது.

"இன்னிக்கு வலிக்குதா?" என்று கேட்டாள்.

வழக்கம்போல இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அந்தக் கண்களைப் பார்த்தான்.

"ரொம்ப," என்றான்.

அவள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.