டிராகனின் கடைசி முட்டை

காலை 10.20. நீர்வேலி சனசமூக நிலைய மண்டபத்தில் சுஹறா போட்ட கூச்சலில், அட்டைக் கவசம் அணிந்த வீரர்கள் வாள்களைக் கீழே போட்டார்கள்.

"என்ரை முட்டையைக் காணேல்லை!"

'கருமணல் தீவு' என்ற ஆறு பாக மாயக்கதையின் வாசகர்கள், தங்கள் கைவேலைகளோடு கூடிய நாள் அது. வெல்லும் படைப்பு கொழும்புக் கண்காட்சிக்குப் போகும். யாழ்ப்பாணம் டவுனிலிருந்து வந்த சுஹறா, காய்ந்த வாழைமடலை மாதக்கணக்காகப் பின்னி ஒரு தாய் டிராகனைச் செய்திருந்தாள். அது காவல் காப்பது கடைசி முட்டையை. நார் உரித்த தேங்காய்க்கு மஞ்சள் பூசி, அடிப்பாதியில் செதில் கீறி, மேலே குடுமியைப் புகைபோல விட்டிருந்தாள். இப்போது வைக்கோற் கூடு வெறுமையாகக் கிடந்தது. பதினொரு மணிக்கு நடுவர்கள் வந்துவிடுவார்கள். முட்டை இல்லாவிட்டால் அது வெறும் பாம்பு.

தோழி உதயகலா விசாரணையைத் தொடங்கினாள். பூட்டிய கதவையே திரும்பி வந்து இழுத்துப் பார்க்கும் பெண் அவள். தன் மூளைமேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் எதையும் ஒழுங்காகக் கேட்பாள்.

"கடைசியா எப்ப கண்டனி?"

"இட்டலி சாப்பிடப் போகேக்கை இருந்தது."

முதற் சந்தேகம் கோகுலன்மேல். போட்டியில் சுஹறாவுக்கு எதிராக நின்றது அவன் செய்த கடற்கோட்டைதான். கோபுரங்களைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே அவன் காலிலிருந்து கழற்றி வைத்த சப்பாத்து மட்டும் இருந்தது.

"நான் குசினியிலை சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டு நிண்டனான்," என்றான் அவன். "நம்பாட்டில் சம்பலைக் கேள்."

சம்பல் எல்லார் வயிற்றிலும் இருந்தது.

"எத்தினை தேங்காய் வாங்கினனி?" என்று கேட்டாள் உதயகலா.

"ஒண்டுதான். இப்ப விக்கிற விலையிலை இரண்டு வாங்கவோ?"

மண்டபக் காவலர் தம்பிஐயா வாசலில் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஆரும் வெளியாலை போனவையோ?"

"ஒரு குருவியும் போகேல்லை, பிள்ளை. நிறைகுடம் வைச்ச நேரந்தொட்டு உதிலைதான் நிக்கிறன்."

10.45. 'நான்தான் எதையோ தவறவிட்டேனோ?' உதயகலா முதலிலிருந்து எல்லாவற்றையும் மனதில் ஓட்டினாள். சட்டென்று நின்றாள்.

"முட்டை எங்கையும் போகேல்லை. எடுத்தது தம்பிஐயா!"

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"கோகுலன் வாங்கினது ஒரு தேங்காய். அதைத் துருவிச் சாப்பிட்டிட்டம். அப்ப நிறைகுடத்துக்கு மேலை இருக்கிறது எந்தத் தேங்காய்?"

எல்லாத் தலைகளும் வாசற்பக்கம் திரும்பின. மாவிலைகளுக்கு நடுவே மஞ்சள் மின்னியது. ஓர் இலையின் ஓரத்தில் அரைச் செதில் தெரிந்தது. தேடிய நேரம் முழுவதும் அது அத்தனை பேர் கண்முன்னேதான் இருந்திருக்கிறது.

தம்பிஐயா தலையில் கை வைத்தார். "குடத்துக்கு வாங்கச் சொன்னதை உவன் துருவிப்போட்டான். உள்ளை வந்து பாத்தா, மஞ்சளும் பூசி, குடுமியும் விட்டு ஒண்டு இருக்கு. எனக்கெண்டு ஆரோ ஆயத்தமா வைச்சிருக்கினம் எண்டெல்லோ நினைச்சன்!"

சுஹறா கையை நீட்டினாள்.

"நில் பிள்ளை! விழா முடியுமட்டும் நிறைகுடத்தைக் குலைக்கப்படாது."

வெளியே நடுவர்களின் வான் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. சுஹறா டிராகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி ஐயா. முட்டை வராட்டில் தாய் வரட்டும். கோகுலன், வாலைப் பிடி!"

நாலு பேர் தூக்கினார்கள். விளக்கைத் தள்ளி வைத்து, நிறைகுட மேசையைச் சுற்றி டிராகனை வளைத்தார்கள். தலை சரியாகத் தேங்காய்க்கு மேலே நின்றது. முதலில் இறங்கிய நடுவர் குணலட்சுமி, ஒரு செருப்பைக் கழற்றியபடியே அசையாமல் நின்றுவிட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"உள்ளுக்கு வர இதிட்டை அனுமதி கேக்கவேணுமோ?"

தம்பிஐயா சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். "எடுங்கோ அம்மா, கடிக்காது."