ஒன்பதாம் அறையில் எட்டுப் பேர்

கம்ப்யூட்டர் பதினைந்தே நொடியில் திறந்துகொண்டது. அனுப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரக்கூட இல்லை. அதற்குள் சுவரிலிருந்த கைரேகை மெஷின், யாரும் தொடாமலே, "தேங்க்யூ" என்றது.

நாலு தடவை.

வெம்பக்கோட்டைப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த அந்தப் பட்டாசு ஆலைக்கு அவள் ஆபீஸ் வேலைக்கு வந்து எட்டு மாதமாகிறது. அவள் அம்மா செல்லக்கனி அங்கேயே ஒன்பதாம் அறையில் பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து செலுத்துகிறவள். காலை ஏழு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டால் அது சோம்பல் முறித்து எழ ஏழு பத்தொன்பது ஆகிவிடும். அது எழுந்தால்தான் மெஷின் ரேகை எடுக்கும். ரேகை வைத்தால்தான் அறைக்குப் போகலாம். அதுவரை அத்தனை பெண்களும் தூக்குவாளியோடு வெயிலில் நிற்பார்கள். மேனேஜர் கனகசபாபதி நேற்றுப் பொறுமை இழந்துவிட்டார்.

"சீசன் நேரத்துல தெனம் இருவது நிமிசம் வீணாப் போகுதே தாயி. இந்தப் பெட்டிய என்னமாச்சும் பண்ணு."

"பாக்கிறேன் அண்ணாச்சி."

நேற்று சாயங்காலமே அனு வீடியோ ஒன்றைப் பார்த்து, கம்ப்யூட்டர் திறக்கும்போதே கூட ஓடத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியலைக் கண்டுபிடித்தாள். பிரிண்டருடையது ஒன்று, பழைய பில் சாஃப்ட்வேருடையது ஒன்று, யாரோ எப்போதோ போட்டுவைத்த ஆன்டிவைரஸ் இரண்டு. எல்லாவற்றையும் நிறுத்தினாள். கடைசியில் ஒன்றுக்குப் பெயரே இல்லை. பெயரில்லாதது இருந்தென்ன, போயென்ன என்று அதையும் நிறுத்தினாள்.

இன்று வரிசை சர்ரென்று நகர்ந்தது. ஒன்பதாம் அறைப் பெண்கள் மூன்று பேரோடு அம்மாவும் வந்து விரலை வைத்தாள்.

"என்னத்தா, இன்னைக்கி நிக்கவே விடல? கால் வலிக்காமப் போறோம்."

அம்மா சிரித்துக்கொண்டே போனதில் அனுவுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோரும் போன பிறகு, வராந்தாவில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியபோது, மழையில் நனைந்து காய்ந்த பழைய கரியின் வாடையும் அதற்கடியில் லேசாகத் தலைமுடி பொசுங்கிய வாடையும் மெஷின் இருந்த பக்கத்திலிருந்து மெல்ல வந்து அவள் மேசையைச் சுற்றிக்கொண்டன.

திரையைப் பார்த்தாள். அறை ஒன்பது: எட்டுப் பேர்.

ஒரு மருந்து அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. அது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். பெயர்களைத் திறந்தாள். நாலு பெயர் அம்மாவும் அவளோடு போனவர்களும். மற்ற நாலும் அவள் தலைக்கு மேலே, சுவரில், மாலை போட்ட படங்களின் கீழே எழுதியிருந்த பெயர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அதே அறை வெடித்தபோது அதோடு போனவர்கள்.

பழைய பதிவுகளைத் தேடினாள். மெஷின் வேலையே செய்யாத நேரத்தில் பதிவுகள் இருந்தன. உள்ளே 7:01, வெளியே 7:18. ஆலை ஓடிய ஒவ்வொரு நாளும். கம்ப்யூட்டர் தூங்கி வழிந்த அந்தப் பத்தொன்பது நிமிடத்தில்தான் அவர்கள் வந்து, வேலை பார்த்து, போயிருக்கிறார்கள். அந்த நேரத்தைத்தான் அவள் பிடுங்கிவிட்டாள்.

இன்று உள்ளே 7:01. வெளியே என்ற இடம் காலி.

நிறுத்தியதைத் திரும்பப் போட்டுவிடலாமென்று அந்தப் பட்டியலைத் திறந்தாள். பிரிண்டர் இருந்தது. பில் இருந்தது. பெயரில்லாதது இல்லை.

ஆபீஸைத் தாண்டினால் செல்போனுக்கு அனுமதி கிடையாது. ஓடித்தான் ஆகவேண்டும். முள்ளும் சரளைக்கல்லும் காலைக் கிழிக்க ஓடினாள்.

ஒன்பதாம் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டுப் பேர், முதுகு காட்டி. தலை முதல் கால் வரை, மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர். சேலை தெரியவில்லை. முகம் தெரியவில்லை. எல்லாம் வெள்ளி. கைகள் மட்டும் அசைந்தன.

"அம்மா."

எல்லாக் கையும் நின்றது.

"என்னத்தா?"

அம்மாவின் குரல். ஒருத்தி எழுந்து வந்தாள். அனு யோசிக்கவில்லை. கையைப் பிடித்தாள். இழுத்தாள். வேப்பமரத்தடி வரை நிற்கவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமில்ல. இங்கன இரு."

துப்பட்டாவால் அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். வெள்ளி. மறுபடி துடைத்தாள். வெள்ளி. கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். துணியில் கரி வந்தது. அடியில் தோல் தெரியவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

திரும்பிப் பார்த்தாள். அறைக்குள் ஒருத்தி எழுந்து நின்றாள். முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பவுடருக்கடியிலிருந்து செல்லக்கனியின் முகம் வந்தது. மகளைத் தேடி வாசலைப் பார்த்தது.

அவளுக்குப் பின்னால் முகமில்லாத மூன்று பேர் எழுந்தார்கள். ஒருத்தி கதவைப் பிடித்தாள். மெதுவாகச் சாத்தத் தொடங்கினாள்.

அனு ஓடப் பார்த்தாள். முடியவில்லை.

வேப்பமரத்தடியில், முகமில்லாத அது, அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.