கெட்டித் தரை

சாவி கதவு நிலைக்கு மேலே இருக்கும் என்று ஏரிக்கரை வீட்டை வாடகைக்கு விட்டவர் போனில் சொல்லியிருந்தார். சொன்ன இடத்திலேயே இருந்தது. உள்ளே ஊறிப்போன மரத்தின் வாடை. பின்கதவைத் திறந்தால் கொஞ்சம் புல்வெளி, அதற்கப்பால் கோரை, கோரைக்கப்பால் ஏரி. தையல்காரி பைகளை இறக்கி வைப்பதற்குள் அவள் அண்ணன் சாப்பாட்டு மேஜை மேல் வரைபடத்தை விரித்துவிட்டான்.

அண்ணனுக்கு வீட்டில் 'திட்டம்' என்று பேர். லிஃப்ட் மெக்கானிக். முடி வெட்டிக்கொள்வதற்கே முதல்நாள் போய்க் கூட்டம் எப்படி என்று பார்த்துவிட்டு வருகிற ஆள். இந்தத் திட்டம் அண்ணிக்காகப் போட்டது. காலையில் கரையோரக் காடு, மதியத்துக்குமேல் சதுப்பு, பொழுது சாயும்போது மறுகரை என்று ஒரு முழுநாள் நடை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணி வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். அவள் மறுநாள் காலை பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. அதற்குள் வழியைச் சோதித்துப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

காட்டுப் பகுதி சுலபமாக முடிந்தது. சதுப்பில்தான் வேலை இருந்தது, அங்கே பாதை என்று எதுவும் கிடையாது. முன்னால் போகிற அண்ணன் நீளக் கம்பால் தரையைக் குத்திப் பார்ப்பான். தாங்கினால் காலை வைத்து, "கெட்டி" என்று குரல் கொடுத்து, அந்த இடத்தில் ஒரு சின்னக் குச்சியை நடுவான். பின்னால் வருகிற அவள் குச்சி இருக்கிற இடத்தில் மட்டும் காலை வைப்பாள். குச்சிகளில் கட்டியிருந்த சிவப்பு லைனிங் துணி அவள் கடையில் மிஞ்சியது. அண்ணன் குச்சிகளை ரொம்பவும் நெருக்கி நட்டான். இந்த வழியில் கோழிதான் நடக்கும் என்று அவள் கேலி செய்தாள்.

"உங்க அண்ணி எட்டி வைக்க மாட்டா," என்றான். "அவ அடிக்குத் தகுந்த மாதிரிதான் போடணும்."

இப்படி ஒருத்தன் தனக்கு வாய்க்கவில்லையே என்று ஒரு கணம் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

கொண்டுவந்த குச்சிகள் ஒரு பட்டமரத்தோடு தீர்ந்துபோயின. வெயில் இறங்கி, தண்ணீர்மேல் பனி படியத் தொடங்கியிருந்தது. திரும்பிவிடலாம் என்று அவள் சொன்னபோது அண்ணன் முன்னால் கை காட்டினான்.

அங்கே ஒரு குச்சி நின்றது.

அதில் நீலக் கட்டம் போட்ட துணி கட்டியிருந்தது. ஒரு அடி தள்ளி இன்னொன்று, பனிக்குள் மங்கலாக மற்றொன்று. யாரோ ஏற்கெனவே வழி போட்டிருக்கிறார்கள், நம் வேலை மிச்சம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். கம்பால் குத்தினான். இறங்கவில்லை.

"கெட்டி," என்றான்.

அவள் எட்டிக் குனிந்து அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். துணியைப் பற்றி அவள் விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது ஒரு சட்டையின் முன்பக்கம், பட்டன் ஓட்டையோடு கிழித்தது. வழி போட வந்தவன் எதற்குப் போட்டிருக்கிற சட்டையைக் கிழிக்க வேண்டும்? துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, போதும். வந்துடு."

"கொஞ்ச தூரம்தான். நீ அங்கேயே நில்லு."

கெட்டி. கெட்டி. பனி அவன் இடுப்பை மறைத்தது, பிறகு தோளை, பிறகு தலையை.

கெட்டி.

தண்ணீர் தெறிக்கவில்லை. அவன் அலறவில்லை. குரல் மட்டும் அதே நிதானத்தில் தள்ளித் தள்ளிப் போனது, தரையே இல்லாத நடு ஏரியை நோக்கி. அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். எப்படித் திரும்பி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

மீட்புக் குழுவினர் படகில் வந்து பட்டமரத்துக்கு அப்பால் கழியை விட்டுப் பார்த்தார்கள். அடி தட்டவில்லை. நீலத்துணிக் குச்சி என்று எதுவும் அங்கே இல்லை என்றார்கள். அதிர்ச்சியில் அப்படியெல்லாம் தோன்றும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கிய அண்ணி அழவில்லை. நடைக்கென்று வாங்கிய புது ஷூவைக் கழற்றாமல், பின்கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தேடுவதை நிறுத்திய பிறகும் ஊருக்குக் கிளம்ப மறுத்தாள்.

ஒருநாள் விடியும்போது அண்ணி அவளைக் கூப்பிட்டாள். பின்வாசல் படியிலிருந்து கோரை வரைக்கும் குச்சிகள் நின்றன. சாம்பல் நிறத் துணி, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தையல்காரி ஒன்றைப் பிடுங்கி ஓரத்தைத் திருப்பினாள். மடித்துத் தைத்த தையல் அவளுடையது. அண்ணனுக்கு அவளே தைத்துக் கொடுத்த சட்டை, அன்று அவன் போட்டிருந்தது.

"எனக்குத்தான் வழி போட்டிருக்காரு," என்றாள் அண்ணி. "பாரு, என் அடி அளவு."

நெருக்கி நெருக்கித்தான் இருந்தன.

தையல்காரி எல்லாவற்றையும் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அது அண்ணன் இல்லை என்று கெஞ்சினாள், காலில் விழுந்தாள். மறுநாள் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாள். கதவுகளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டுகிறவர்களிடம் சண்டை போடவா முடியும்?

விடிந்தபோது சாவி இடுப்பிலேயே இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது.

குச்சிகள் மறுபடி நின்றன. அவள் புல் முடிகிற இடம்வரை ஓடினாள். அதற்குமேல் கால் எழவில்லை. அண்ணி தோளில் போர்த்தியிருந்த மஞ்சள் சால்வை தண்ணீர்மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணி, வேண்டாம். வந்துடுங்க."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியைத் தையல்காரி பார்த்ததே இல்லை.

"கெட்டியாத்தான் இருக்கு," என்றாள்.

பனி மூடிக்கொண்டது. அதற்குள்ளிருந்து இரண்டு குரல்கள் மாற்றி மாற்றிக் கேட்டன, பிறகு அதுவும் இல்லை.

அவள் ஊர் திரும்பிவிட்டாள். திரும்பி என்ன, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனாள். வெகுநாள் கழித்து ஒரு காலை கடையைத் திறக்கப் போனாள். இரண்டாவது மாடி, சிமெண்ட் தரை, சுற்றுவட்டாரத்தில் ஒரு குளம்கூடக் கிடையாது. ஷட்டரைத் தூக்கினாள்.

ஊறிப்போன மரத்தின் வாடை.

தையல் மிஷினுக்கு முன்னால், சிமெண்ட் தரையில், ஒரு குச்சி நட்டமாக நின்றது. அதில் மஞ்சள் சால்வையின் கிழிசல் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் இன்னொன்று, இன்னும் உள்ளே திரைக்குப் பின்னால் மற்றொன்று. இந்த முறை நெருக்கமாக இல்லை. டேப் வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை, அளவெடுத்துப் பழகிய கண்.

அது அவளுடைய அடி.

ஓடிவிட நினைத்து ஒரு காலைப் பின்னால் வைத்தாள். மாடி வராந்தாவின் தரை சத்தமே இல்லாமல் அவள் பாதத்தை உள்ளே வாங்கியது, கணுக்கால் வரை, சில்லென்று. காலைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்தில் ஊன்றினாள். அங்கேயும் இறங்கியது. கூப்பிட யாரும் இல்லை.

திரைக்குப் பின்னால் ஒரு ஆண்குரலும் ஒரு பெண்குரலும் பொறுமையாகக் காத்திருந்தன.

அவள் அழுதுகொண்டே குச்சி இருக்கிற இடத்தில் காலை வைத்தாள். தாங்கியது.

"கெட்டி," என்றது அவள் வாய்.