பாரம் வாங்கியவள்

ஊத்துக்கோட்டையைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய அந்தச் சின்ன மலையடியில் காரை விட்டு இறங்கும்போதே ரேகாவுக்குக் கால் கடுத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. வாரத்தில் ஆறு நாள் நின்றே தீர வேண்டும். ஏழாம் நாள் படுத்துக் கிடக்கலாமென்றால் புருஷன் கோபி விட்டால்தானே.

“யாருக்குமே தெரியாத வழி ரேகா. மேல சுனை கீது. வீடியோல பாத்தேன்.”

“யாருக்கும் தெரியாத வழி வீடியோல எப்படி வந்துச்சாம்?”

“நல்லா கேளு,” என்றாள் கோபியின் அக்கா பஞ்சவர்ணம், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டே.

வழி அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஆளுயரப் புல், தூரத்தில் தகடுபோல ஓர் ஏரி. நாலு வயது மைதிலி முயல்குட்டி மாதிரி முன்னே ஓடினாள். பாதி மலையில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைக் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சு உயரம்.

“இன்னாக்கா இது, உசரமா பெஞ்சு போட்டுகிறாங்க?”

“பெஞ்சாம். சுமைதாங்கிடா அது. புள்ளத்தாச்சி பெக்காமயே செத்துட்டா, அவ வயித்து பாரம் எறங்கட்டும்னு நடுவாங்க. வெறகுக்கட்ட இதும்மேல எறக்கி வெச்சுட்டு, தானாவே ஏத்திக்கினு போவாங்க. இன்னொருத்தர் கை வேணாம்.”

“வேணும்னா?”

“கேக்கக் கூடாது. அவ்ளோதான்.”

“எனக்கு இதுமாதிரி ஒண்ணு எங்க கம்பெனி வாசல்ல நட்டா தேவல அண்ணி,” என்று ரேகா சிரித்தாள்.

சுனையில் முழங்கால் அளவுத் தண்ணீர். ஆடி முடித்த மைதிலி, இறங்கும்போது தூங்கிப்போனாள். கொஞ்ச தூரம் தூக்கிய கோபி, “நீ வாங்கிக்கோ, நான் முன்னாடி வழி பாக்கறேன்,” என்று போனை நீட்டியபடி நழுவிவிட்டான். பதினைந்து கிலோ. தூங்குகிற பிள்ளை இன்னும் கனக்கும். வெயில் சாய்ந்து, புல்லுக்குள் இருட்டு முதலில் இறங்கிக்கொண்டிருந்தது.

கல் வந்தபோது ரேகாவின் கைகள் மரத்துவிட்டன. பிள்ளையை அதன்மேல் உட்கார்த்தி, சாய்ந்துவிடாமல் தன் முதுகால் முட்டுக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பின்னால் சேலை சரசரத்தது. மூச்சிரைப்பு. பஞ்சவர்ணம்தான், பாவம், வயசாகிறது.

“அண்ணி, ஒரு கை குடுங்க. முதுகுல ஏத்தி விடுங்க.”

இரண்டு கைகள் பிள்ளையைத் தூக்கி அவள் முதுகில் வைத்தன. விரல்கள் கழுத்தில் பட்டபோது ஈரமாக, சில்லென்று இருந்தன. பச்சை மஞ்சள் வாசனை.

“பாரமே தெரியலயே அண்ணி.”



“ஏய் ரேகா, இன்னா அங்கியே நின்னுட்ட? எவ்ளோ நேரம்தான் காத்துகினு கெடக்கறது?”

பஞ்சவர்ணத்தின் குரல்.

கீழே, வளைவிலிருந்து.

ரேகா திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. மைதிலிதான். ஆனால் முதுகில் ஒரு துண்டைப் போட்டிருக்கிற கனம்கூட இல்லை.

காரில் சொன்னாள். பஞ்சவர்ணம் கேலி செய்யவில்லை.

“வாயத் தொறந்து கேட்டியா?”

“நீங்கன்னு நெனச்சு கேட்டேன்.”

கார் ஆவடிக்கு வந்தது. இறங்கும்போது பஞ்சவர்ணம், “பெக்காம போனவடி. குடுத்தா வெச்சுக்குவா,” என்றாள் மெதுவாக.

மறுநாள் அங்கன்வாடியில் ரேவதி டீச்சர் எடை பார்த்தாள். “பதினஞ்சு கிலோ. நல்லாத்தான் கீறா.” கோபி தூக்கினால், “யப்பா, இடுப்பு போச்சு,” என்றான். ரேகா தூக்கினால் மட்டும் ஒன்றுமில்லை. முதல் இரண்டு நாள் அவளுக்கு அது சுகமாகக்கூட இருந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டாள். மூன்றாம் நாள், தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மடி கனக்காதா என்று விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து, அங்கன்வாடிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு ரயில்வே மேம்பாலப் படி ஏறினாள். கீழே மின்சார ரயில் போய்க்கொண்டிருந்தது. மைதிலி இடுப்பில், அரைத் தூக்கத்தில். ரேகாவுக்குக் கால்தான் கடுத்தது. பிள்ளை கனக்கவில்லை.

மேல்படியில் நின்றாள்.

“குடுத்துடு,” என்றாள் மெல்ல. “தெரியாம கேட்டுட்டேன். எம் புள்ளய நானே தூக்கிக்கறேன்.”

மைதிலி கண்ணைத் திறக்கவில்லை.

“நீ களைச்சுப் போயிட்டியாம், அம்மா. நீ தூக்க வேணாமாம்.”

“யார் சொல்றது?”

“தூக்கிகினு கீறாங்களே, அவங்க.”

மஞ்சள் வாசனை. ரேகா பிள்ளையை இறுக்கி அணைத்தாள். அணைக்க அணைக்க இருவருக்கும் நடுவில் சில்லென்று ஏதோ இருந்தது, ஈரத்துணிபோல. அவள் கைகள் சோர்ந்தன. ஆறு நாள் நின்ற கைகள். அவளையறியாமல் விரல்கள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து, இரண்டு கையும் பக்கத்தில் தொங்கின.

மைதிலி விழவில்லை.

தூக்கத்திலேயே தலையைத் திருப்பி, அம்மாவின் தோள் இல்லாத பக்கம், வெறும் காற்றில், கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.