நூறு கோடியே ஒன்பது

1937. சிம்மக்கல் வாசகசாலைப் படியில் கணக்கு வாத்தியார் சுருளி செத்துக் கிடந்தார்.

நெற்றிப்பொட்டில் ரத்தம். பக்கத்தில் உடைந்த சிலேட்டு.

அதன் இன்னொரு துண்டு கண்ணுச்சாமியின் கையில் இருந்தது. மில்லில் நூல் எடை போடுகிறவன். ஓடவில்லை. உட்கார்ந்திருந்தான்.

ஏட்டு பேயாண்டி துண்டை வாங்கிக்கொண்டார். இருவரும் ஒரே தெரு.

"ஏன்டா இப்பிடிப் பண்ணுன?"

"பன்னெண்டுன்னு சொன்னாருண்ணே... அது பத்துண்ணே."

பேயாண்டிக்கு விஷயம் தெரியும். நூறு கோடியே ஒன்பது... அது எதாலும் வகுபடாத எண் என்று காட்ட, இரண்டு வருடம் மூவாயிரத்துச் சொச்சம் வகுத்தல் போட்டவன் அவன். பெண் பார்க்கக்கூடப் போகவில்லை.

கணக்குப் போட்ட நோட்டோடு, அந்த எண்ணை எழுதிய ஒரு கார்டும் வாத்தியாருக்குப் போனது. முதலில் அவர் நோட்டைப் பிரிக்கவே இல்லை. கார்டை மட்டும் பார்த்துவிட்டு, நேற்று இங்கே எல்லோர் முன்னாலும் சிரித்தார். இலக்கங்களைக் கூட்டினால் பன்னிரண்டு, மூன்றால் போகும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றாராம்.

"ஒண்ணும் ஒம்பதும் பத்துத்தானேண்ணே? நடுவுல அம்புட்டும் சைபரு. இன்னைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தாரு... தாங்கலண்ணே."

வாத்தியாரின் சட்டைப்பையில் அந்தக் கார்டு இருந்தது. தமிழ் இலக்கத்தில் ஒரே வரி.

உ௧௦௦௦௦௦௦௦௦௯

கீழே வாத்தியாரின் சிவப்பு மை.

'உன் நோட்டைப் பிரித்த பிறகுதான் புரிந்தது. முன்னால் இருப்பது இரண்டைக் குறிக்கும் ௨ இல்லை, பிள்ளையார் சுழி! கணக்கில் ஒரு தப்பும் இல்லை. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.'

சிரித்துக்கொண்டே வந்தது இதற்குத்தான்...

பேயாண்டி மேலே இருந்த வரியை மறுபடி பார்த்தார். அந்த முத்து முத்தான கையெழுத்து அவருடையது! கண்ணுச்சாமி கேட்டான் என்று எழுதிக் கொடுத்திருந்தார். எந்தத் தாளைத் தொட்டாலும் முதலில் சுழி போட்டே பழகிய கை.

"அதுல என்னண்ணே எழுதிருக்கு?"

"நீ சொன்னதுதான் சரியாம்."

கண்ணுச்சாமி சிரித்தான். இரண்டு வருடத்தில் அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தார்.

"அப்ப... அவரு..."

சிரிப்பு பாதியில் நின்றது. படியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தானே எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தான்.

பேயாண்டி ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். சப்-இன்ஸ்பெக்டர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். தாளின் தலையில், பழக்கதோஷத்தில், ஒரு உ.

"குற்றவாளி ஒருத்தன்தானேய்யா? மேல ரெண்டுன்னு போட்டிருக்க?" என்று கேலி பேசினார்.

பேயாண்டி அதை அடிக்கவில்லை.

"ரெண்டு பேருதாங்கய்யா. ஒருத்தன் லாக்கப்புல இருக்கான். இன்னொருத்தன் ரிப்போர்ட் எழுதுறான்."